கிடங்கில் இடமிருக்கிறதா? தானியக் கொள்ளளவைத் திரையில் காட்டுவது பற்றி

முன்னுரை

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கலையொட்டி, தன் பணியைத் தொடங்கியது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம்மவர் சி.சுப்பிரமணியம். கழகத்தின் முதல் தலைமையகம் சென்னையில் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. பிறகுதான் தலைமையகம் தில்லிக்கு, பாரகம்பா லேனுக்கு வந்து சேர்ந்தது. நம் ஆர்.கே.புரம் குடியிருப்புகளிலிருந்து பஸ் பிடித்து மத்திய அரசு அலுவலகங்களுக்குப் போய் வந்த தமிழர்கள் பலருக்கு இந்தக் கழகமும், ஹௌஸ்காஸ் பக்கமுள்ள மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும் நன்கு தெரிந்த பெயர்கள்.

இந்த அலுவலகங்களில் அன்றும் இன்றும் தினமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "கிடங்கில் இடமிருக்கிறதா?" அந்தக் காலத்தில் பதில் தந்தியில் வந்தது, பிறகு பேக்ஸில் வந்தது. இப்போது கம்ப்யூட்டர் திரையில், டாஷ்போர்டு என்று சொல்லப்படும் தகவல் பலகையில், வண்ண வண்ணக் கட்டங்களாக வருகிறது. பதில் வரும் வழி மாறியிருக்கிறது; பதில் சரியாக இருக்கிறதா என்பது வேறு விஷயம். கிடங்கு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத் திரையில் எப்படிக் காட்டினால் உண்மை தெரியும், எப்படிக் காட்டினால் மறையும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாக ஒரு பயனாளிக்கு மாதம் 5 கிலோ தானியம். 5,000 டன் கொள்ளும் ஒரு கிடங்கில் இருப்பது 10 லட்சம் பேருக்கு ஒரு மாத உணவு. அங்கே ஒரு எண் தவறினால், எங்கோ ஓரிடத்தில் நெல் நனைகிறது. வேறோரிடத்தில் ரேஷன் கடைக்காரர் "ஸ்டாக் வரல்லீங்க" என்கிறார்.

ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள்

1770-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்த பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவில் ஒரு மாபெரும் களஞ்சியத்தைக் கட்டியது. அதுதான் கோல்கர். கேப்டன் ஜான் கார்ஸ்டின் கட்டி முடித்த ஆண்டு 1786. உயரம் சுமார் 29 மீட்டர், கொள்ளளவு 1,40,000 டன் என்பார்கள். ஆனால் அது ஒரு முறைகூட முழுசாக நிரப்பப்பட்டதில்லை. கதவுகள் உள்பக்கமாகத் திறக்கும்படி வைத்துவிட்டார்களாம். நிறைய நிரப்பினால் கதவையே திறக்க முடியாது என்று ஊரில் சொல்வதுண்டு.

அதே 1786-இல் இலண்டனில் வில்லியம் பிளேஃபேர் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். வணிகக் கணக்குகளை எண் அட்டவணையாகத் தராமல், கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டியது அந்த நூல். இன்று நாம் பட்டை வரைபடம் என்று சொல்வதன் பிறப்பு அங்கேதான். வட்டத்தைத் துண்டு போடும் 'பை' வரைபடத்தையும் அவரே 1801-இல் அறிமுகம் செய்தார். கொள்ளளவு பற்றிய பிழைக்குப் பெயர்போன கட்டடமும், அளவைக் கண்ணுக்குக் காட்டும் கலையும் ஒரே ஆண்டில் தோன்றியது தற்செயல்தான். ஆனாலும் நம் பொருளுக்கு எவ்வளவு பொருத்தம்!

டாஷ்போர்டு என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. குதிரை வண்டியில், குளம்பு தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை அடிப்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். பிறகு மோட்டார் காரில் வேகமும் எண்ணெயும் காட்டும் முகப்புக்கு அந்தப் பெயர் போயிற்று. அதன்பின் அலுவலகத் திரைக்கு வந்தது.

கொள்ளளவு என்றால் என்ன?

நம் பாட்டி வீட்டுக் குதிருக்கும் பத்தாயத்துக்கும் இந்தத் தொல்லை கிடையாது. கலம் கணக்கு, எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதன் கொள்ளளவு 3,000 கலம் என்பார்கள். ஒரே பொருள், ஒரே அளவு.

இன்றைய மூட்டைக் கிடங்கு அப்படியல்ல. தரையில் மரச்சட்டமோ பாலிதீன் விரிப்போ போட்டு, அதன்மேல் மூட்டைகளை அட்டி போடுவார்கள். வழக்கமான அட்டியின் அடித்தளம் 30 அடிக்கு 20 அடி. அட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடக்கச் சந்து வேண்டும். லாரியிலிருந்து மூட்டை இறக்கி உள்ளே கொண்டுபோக நடுவில் அகலப் பாதை வேண்டும். அந்துப்பூச்சிக்கு மருந்து வைக்கும்போது அட்டி முழுவதையும் பாலிதீன் உறையால் மூடி, சில நாட்கள் காற்றுப் புகாமல் வைத்திருக்க வேண்டும். ஆகவே கொள்ளளவு என்பது அறையின் கன அளவு ஆகாது. வேலை செய்ய விட வேண்டியதை விட்டபின் எஞ்சும் இடமே கொள்ளளவு.

அதையும் டன்னில் சொல்கிறோம். டன் எடையின் அளவு. இடமோ கன அளவு. உமியோடு இருக்கும் நெல், அதே எடையுள்ள அரிசியைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அரிசிக்கு 5,000 டன் என்று எழுதிவைத்த கிடங்கில் நெல்லைப் போட்டால் 5,000 டன் கொள்ளாது. திரையில் 80 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும், நேரில் போனால் மூட்டை வைக்க இடமிருக்காது. ஸ்ரீபெரும்புதூரிலும் குருகிராம் பக்கத்திலும் உள்ள தனியார் கிடங்குகளில் டயரிலிருந்து டி.வி. வரை எல்லாம் கலந்திருக்கும். அங்கே எடையை விட்டுவிட்டு, 'பேலட்' வைக்கும் இடங்களை எண்ணுகிறார்கள். அளவு எதுவானாலும், எந்த அளவில் சொல்கிறோம் என்பது பலகையிலேயே எழுதப்பட வேண்டும்.

இன்னொன்று: இடத்துக்குச் சொந்தக்காரர் யார்? உணவுக் கழகத்துக்குச் சொந்தக் கிடங்குகள் உண்டு, வாடகைக் கிடங்குகள் உண்டு. 2008-இல் வந்த தனியார் முனைவோர் உத்தரவாதத் திட்டப்படி கட்டிய கிடங்குகளுக்கு ஒப்பந்தக் காலம் முழுவதும் வாடகை உத்தரவாதம். மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை போகும். இவை தவிர, கூரையில்லாமல் மேடை மேல் அட்டி போட்டு உறையால் மூடிவைக்கும் திறந்தவெளிச் சேமிப்பும் உண்டு. கோதுமையையும் நெல்லையும் அப்படி வைப்பார்கள், அரிசியை வைப்பதில்லை. கூரைக்குக் கீழ் உள்ள டன்னையும் தார்ப்பாய்க்குக் கீழ் உள்ள டன்னையும் ஒரே பட்டையில் ஒரே நிறத்தில் காட்டினால், மழைக்காலத்தில் அந்தப் படத்துக்கு என்ன மதிப்பு?

சராசரி செய்யும் குறும்பு

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் மூன்று கிடங்குகள். முதலாவதன் கொள்ளளவு 50,000 டன், இருப்பு 48,000; அதாவது 96 சதவீதம். இரண்டாவது 5,000 டன், இருப்பு 1,000, 20 சதவீதம். மூன்றாவது 5,000 டன், இருப்பு 1,500, 30 சதவீதம்.

மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 49 வருகிறது. "பாதிக்கு மேல் காலி, கவலையில்லை" என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். முறையாகச் செய்தால் மொத்த இருப்பு 50,500. மொத்தக் கொள்ளளவு 60,000. பயன்பாடு 84 சதவீதம். ஒரே தரவு, இரண்டு பதில்! எக்செலில் சதவீதப் பத்தியை அப்படியே இழுத்துச் சராசரி போடுபவர்கள் எல்லோரும் முதல் பதிலைத்தான் பெறுகிறார்கள். சதவீதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. மேலே உள்ளதைத் தனியாகவும் கீழே உள்ளதைத் தனியாகவும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

84 என்பதும் முழு உண்மை ஆகாது. பெரிய கிடங்கில் மீதி இடம் 2,000 டன்தான். ஒரு முழுச் சரக்கு ரயில் சுமார் 2,600 டன் தானியம் கொண்டுவரும். அது வந்து நின்றால் முழுவதையும் இறக்க இடமில்லை. தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ரயில் பாதை இல்லாத சின்னக் கிடங்கு இரண்டிலும் 7,500 டன் இடம் காலியாகக் கிடந்து என்ன பயன்?

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொள்ளளவும் இருப்பும் வங்கிக் கணக்கில் உள்ள மீதி போன்றவை. ஜனவரி மீதியையும் பிப்ரவரி மீதியையும் யாரும் கூட்டுவதில்லை. ஆனால் பலகை தயாரிக்கும் மென்பொருள், நாம் தடுக்காவிட்டால், தானாகவே கூட்டிவிடும். 5,000 டன் கிடங்கில் முதல் 10 நாள் 5,000 டன், அடுத்த 20 நாள் 500 டன் இருந்தது என்று வையுங்கள். மாதக் கடைசி நாளைப் பார்த்தால் 10 சதவீதம். நாள்வாரிச் சராசரி 2,000 டன், அதாவது 40 சதவீதம். உச்சம் 100 சதவீதம். "போன மாதம் எவ்வளவு நிரம்பியிருந்தது?" என்ற கேள்விக்கு மூன்றும் பதில்தான். வாடகை பேசுகிறவருக்குச் சராசரி வேண்டும். அட்டி போடுகிறவருக்கு உச்சம் வேண்டும். மாதக் கடைசி எண் அறிக்கை எழுதுகிறவருக்கு மட்டுமே வசதி.

எந்தப் படம் நல்ல படம்?

வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இருவர் 1984-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் நீளங்களை நம் கண் சரியாக ஒப்பிடுகிறது. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறது என்பது அதன் சாரம். அப்படியானால் வட்டத் துண்டு வரைபடமும், காரின் வேகமானி போன்ற அரைவட்ட முள்ளும் பார்க்க அழகு, படிக்கச் சிரமம். இருபது கிடங்குக்கு இருபது முள் வைத்தால் திரை நிரம்பும், தலையும் சுற்றும்.

கிடங்குக்குப் பொருத்தமானது எளிய பட்டைதான். கிடங்கின் கொள்ளளவை வெளிர் நிறப் பட்டையாகப் போடுங்கள். அதனுள்ளே அடர் நிறத்தில் இருப்பு. குறுக்கே ஒரு சின்னக் கோடு, எச்சரிக்கை எல்லை. இத்தகைய வடிவத்தைத் தகவல் பலகைகளுக்காகவே ஸ்டீபன் ஃபியூ என்பவர் முறைப்படுத்தினார். இதன் சிறப்பு என்னவென்றால், சதவீதம் மட்டுமில்லாமல் கிடங்கின் பருமனும் தெரிகிறது. மேலே சொன்ன மூன்று கிடங்குகளையும் இப்படி வரைந்தால், ஒரு நெடும் பட்டையும் இரண்டு குட்டைப் பட்டைகளும் நிற்கும். யாரும் 49 சதவீதம் என்று ஏமாற மாட்டார்கள்.

எச்சரிக்கைக் கோட்டை 100-இல் வைக்கக் கூடாது. பொதுவாகக் கிடங்குத் தொழிலில் 85 சதவீதத்தைத் தாண்டினாலே கவனி என்பார்கள். அட்டி பிரிக்கவும், பழைய மூட்டையை முன்னால் கொண்டுவரவும், கெட்டதைத் தனியே ஒதுக்கவும் இடம் வேண்டுமே! சிவப்பும் பச்சையும் மட்டும் நம்பி வரையவும் கூடாது. அந்த இரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. போதாக்குறைக்குச் சுற்றறிக்கை கறுப்பு வெள்ளையில்தான் நகலெடுக்கப்படும்.

இரண்டாவது படம் காலக்கோடு. நம் நாட்டுத் தானிய இருப்பு ஒரு அலை போல ஏறி இறங்கும். ஏப்ரலில் கோதுமைக் கொள்முதல் தொடங்கி ஜூன், ஜூலையில் உச்சிக்குப் போகும். அதன்பின் விநியோகத்தில் இறங்கும். அக்டோபரிலிருந்து நெல் வரத் தொடங்கும். 2015-இல் திருத்தப்பட்ட விதிப்படி, மத்தியத் தொகுப்பில் இருக்க வேண்டிய குறைந்த அளவு ஏப்ரல் 1-இல் 210.4 லட்சம் டன், ஜூலை 1-இல் 411.2, அக்டோபர் 1-இல் 307.7, ஜனவரி 1-இல் 214.1. இந்த நான்கு புள்ளிகளை அடியில் ஒரு படிக்கட்டாகவும், கொள்ளளவை மேலே ஒரு கூரையாகவும் வரைந்து, நடுவில் இருப்பின் கோட்டை ஓடவிட்டால், ஒரே பார்வையில் இரண்டு ஆபத்தும் தெரியும். கோடு படிக்கட்டை இடித்தால் பற்றாக்குறை. கூரையை இடித்தால் வீணாகும்.

அப்படி இடித்த காலம் உண்டு. 2012 ஜூன் 1-இல் மத்தியத் தொகுப்பில் இருந்தது 823 லட்சம் டன். அப்போதைய விதிப்படி ஜூலைக்குத் தேவைப்பட்டது 319 லட்சம் டன். மிச்சம் பெருமைக்குரியதுதான், ஆனால் கூரை போதவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2010-இல், கிடங்கில் அழுகவிடுவதைவிட ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே அரசிடம் சொல்ல நேர்ந்தது.

மூன்றாவது படம், கிடங்குக்கு உள்ளே. அட்டிகளின் தரை வரைபடத்தை அப்படியே கட்டங்களாகத் திரையில் போட்டு, பழைய சரக்கு அடர் நிறம், புதியது வெளிர் நிறம் என்று காட்டினால், முதலில் வந்தது முதலில் போகிறதா என்று பொறுப்பாளருக்குத் தெரியும். மூலையில் ஒரு கட்டம் மட்டும் கறுத்துக்கொண்டே போனால், அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு அட்டி சுமார் 140 டன் என்று வைத்தாலும், அந்த ஒரு கட்டம் 28,000 பேரின் ஒரு மாத ரேஷன்!

எத்தனை நாள் தாங்கும்?

சதவீதம் நேற்றைய செய்தி. நாளைக்கு என்ன ஆகும் என்பதே நமக்கு வேண்டியது. இதற்குப் பெரிய கணிதம் ஒன்றும் தேவையில்லை. மீதி இடத்தை, தினமும் நிகரமாக உள்ளே வரும் அளவால் வகுத்தால் போதும். மேலே சொன்ன பெரிய கிடங்கில் மீதி 2,000 டன். ஒரு நாளில் 800 டன் வருகிறது, 300 டன் போகிறது. நிகர வரவு 500. ஆக, நான்கு நாள். 'பயன்பாடு 96 சதவீதம்' என்ற வரியைப் பார்த்து யாரும் எழுந்து ஓட மாட்டார்கள். 'நான்கு நாளில் நிரம்பும்' என்று எழுதிப் பாருங்கள், உடனே ரயிலுக்குப் போன் போகும்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் சமீபகால அனுபவங்களைப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் பஞ்சாப் மண்டிகளில் நெல் மலைபோல் தேங்கியது. முந்தைய பருவத்து அரிசி வெளிமாநிலங்களுக்குப் போய்ச் சேராததால் கிடங்கில் இடமில்லை. இடமில்லாததால் ஆலைகள் புது நெல்லை எடுக்கத் தயங்கின. விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். 2025 அக்டோபரில் நம் டெல்டாவில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் தேங்கி மழையில் நனைந்தது. 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 ஆகத் தளர்த்துங்கள் என்று தமிழக அரசு கேட்டது. இரண்டு இடத்திலும் முடிச்சு விழுந்தது களத்தில் இல்லை. கொள்முதல் நிலையம், ஆலை, கிடங்கு, ரயில் என்ற சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியில் இடம் இல்லை அல்லது ஓட்டம் இல்லை. அதன் விலையை, 40 கிலோ சிப்பத்தோடு வரிசையில் காத்திருந்தவர் கொடுத்தார்.

ஆகவே நல்ல பலகை கிடங்கை மட்டும் காட்டாது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் 'இன்னும் எத்தனை நாள்' என்ற எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். மிகச் சிறிய எண் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அதிகாரி இன்று இருக்க வேண்டும்.

பலகைக்குப் பின்னால் இருப்பவர்

உணவுக் கழகம் 2016-இல் கிடங்குகளை இணையத்தில் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சேமிப்புக் கொள்ளளவும் பயன்பாடும் மாநிலவாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கும் வருகின்றன. 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை கூட்டுறவுத் துறையில் 700 லட்சம் டன் சேமிப்பு வசதி உருவாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இடம் பெருகப் பெருக, அதைக் காட்டும் பலகையின் பொறுப்பும் பெருகும்.

ஆனால் திரையில் தெரியும் எந்த எண்ணும், கிடங்கு வாசலில் எடை மேடைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் எழுதிய எண்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதிய வேண்டியதை அடுத்த நாள் பதிந்தால், எவ்வளவு அழகான பட்டையும் ஒரு நாள் பழசு. அதனால் ஒவ்வொரு கிடங்குக்கும் பக்கத்தில் 'கடைசியாகப் பதிந்த நேரம்' இருப்பது அவசியம். பதிவு வராத கிடங்கைப் பூஜ்யம் என்று காட்டக் கூடாது. 'தகவல் இல்லை' என்றே காட்ட வேண்டும். காலி என்பதும் தெரியாது என்பதும் ஒன்றல்ல.

முடிவுரை

சுருக்கமாக, கிடங்குத் தகவல் பலகையைப் பார்க்கும் எவரும் ஐந்து கேள்விகள் கேட்கலாம். எந்த அளவில் அளந்தது? கூரைக்குக் கீழா, வெளியிலா? சராசரி எப்படிப் போட்டது? எத்தனை நாளில் நிரம்பும்? எப்போது பதிந்தது? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் பலகை எளிமையாக இருந்தாலும் போதும். இல்லாவிட்டால், எத்தனை வண்ணம் தீட்டினாலும் அது கோல்கரின் கதவு மாதிரிதான். பார்க்கப் பிரம்மாண்டம், திறப்பதுதான் கஷ்டம்.

தில்லியில் இருந்துகொண்டு திரையைப் பார்ப்பவருக்கும், திருவாரூரில் வானத்தைப் பார்ப்பவருக்கும் நடுவில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அவர் நெல் நனையும் முன்பே இவர் கண்ணில் படும்படி ஓர் எண்ணை வைக்க முடியுமென்றால், அந்த வேலையை ஒழுங்காகச் செய்வது நம் கடமை.